இணையப் பக்கத்தில் விலைப்பட்டியல்: வரிசையும் கட்டமும் அமைக்கும் முறை



விலைப்பட்டியல் எழுதுவது நமக்குப் புதிய வேலை அல்ல. நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய கை நம்முடையது. இடது ஓரத்தில் தேதி, நடுவில் விபரம், வலது ஓரத்தில் பற்று, வரவு என்று கோடு போட்டுப் பிரித்து எழுதத் தெரியாத மளிகை வியாபாரி நம்மில் யாரும் இல்லை. இணையப் பக்கத்தில் ஒரு விலைப்பட்டியல் அமைப்பதற்கும் அதே அறிவுதான் வேண்டும். மேற்கொண்டு ஏழெட்டுக் குறிச்சொற்கள் தெரிந்தால் போதும். அவற்றை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது நமக்கு எதற்கு?

நம் பகுதியில் வாங்குபவர்கள் மாறிவிட்டார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் ஆலை, 2012-ல் டைம்லர் லாரி ஆலை என்று வரிசையாக வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. முன்பு நம் கடைக்கு வந்தவர் வீட்டுக்கு மாதச் சாமான் வாங்கும் குடும்பத்தார். இன்று பெரிய சிட்டையோடு வருபவர் கேன்டீன் கான்ட்ராக்டரும் விடுதி மெஸ் நடத்துபவரும்தான். அவர்கள் நம் முகம் பார்த்து வாங்குவதில்லை. மூன்று கடைகளின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அப்படி ஒப்பிட்டுப் பார்க்க நாம் எதைத் தருகிறோம்? காகிதத்தில் எழுதிய பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்தப் படத்தில் எழுத்தைத் தேட முடியாது. ஒரு விலையை மட்டும் திருத்த முடியாது. கைமாறிய பிறகு திரும்ப வாங்கவும் முடியாது. நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் முந்தைய மாதப் பட்டியல் கைமாறிக் கைமாறி ஒரு மெஸ் ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அதில் தேதி இல்லை. துவரம் பருப்பில் கிலோவுக்கு ஆறு ரூபாய் வித்தியாசம். சரக்கோ 300 கிலோ. ஆக 1,800 ரூபாய்க்கு வாக்குவாதம் ஏற்பட்டு, கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. பணம் போனது ஒரு பக்கம், அந்த வாடிக்கையும் போயிற்று.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2006-ல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, அதைச் சுற்றியிருந்த கடைத்தெருவும் ஆட்டம் கண்டது. ஒரே ஆலை, ஒரே கான்ட்ராக்டர் என்று நம்பியிருப்பது ஆபத்து. புதிய வாடிக்கையாளர் நம்மைக் கண்டுபிடிக்கவும், நம் விலையைத் தெளிவாகப் பார்க்கவும் ஒரு வழி வேண்டும். இணையத்தில் ஒரே ஒரு பக்கம், அதில் ஒரே ஒரு அட்டவணை இருந்தால் அதற்குப் போதும். விலை மாறினால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும். அதன் பின் அந்தப் பக்கத்தைத் திறப்பவர் அனைவருக்கும் புதிய விலையே தெரியும்.

அட்டவணை இணையத்துக்கு வந்த கதை

இணையப் பக்கங்கள் எழுதப்படும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது அது. ஆரம்பத்தில் அதில் அட்டவணை போட வசதி இல்லை. 1995-ல் நெட்ஸ்கேப் என்ற உலாவியில் அட்டவணை தெரியத் தொடங்கியது. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.எம்.எல். 3.2 தரத்தில் முறையாக இடம்பெற்றது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ல். இத்தனை ஆண்டுகளில் இணையத்தில் எத்தனையோ மாறியும், அட்டவணை போடும் அடிப்படைக் குறிகள் அப்படியே இருக்கின்றன. இன்று கற்றுக்கொண்டால் நாளை வீணாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

குறிச்சொற்கள்

கணினியில் உள்ள நோட்பேட் என்ற சாதாரண எழுது பலகையே போதும். பணம் கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை.

எச்.டி.எம்.எல்.-ல் பெரும்பாலான பகுதிகளுக்கு ஒரு திறக்கும் குறியும் ஒரு மூடும் குறியும் உண்டு. கணக்குப் பாடத்தில் ‘விடச் சிறியது’, ‘விடப் பெரியது’ என்று படித்த இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே குறிச்சொல்லை எழுதினால் அது திறக்கும் குறி. அதே சொல்லுக்கு முன்னால் ஒரு சாய்கோடு சேர்த்தால் அது மூடும் குறி. கடைக் கதவு போலத்தான்: திறந்ததை மூட வேண்டும். சில இடங்களில் மூடாவிட்டாலும் பக்கம் சரியாகத் தெரியும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

குறிச்சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். நமக்கு வேண்டியவை ஐந்து.

முதலாவது, டேபிள். இந்தச் சொல்லை முழுவதுமாக எழுத வேண்டும். அட்டவணை இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று சொல்வது இது.

இரண்டாவது, கேப்ஷன். இதுவும் முழுச் சொல். அட்டவணையின் தலைப்பு. டேபிளைத் திறந்த உடனே இது வர வேண்டும்.

மூன்றாவது, டேபிள் ரோ. ஒரு குறுக்கு வரிசை. இதற்கு இரண்டு சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் சேர்த்து எழுதுவார்கள்.

நான்காவது, டேபிள் ஹெட்டர். தலைக்கட்டம். இதற்கும் முதலெழுத்துகள் இரண்டு மட்டுமே.

ஐந்தாவது, டேபிள் டேட்டா. சாதாரணக் கட்டம். இதற்கும் முதலெழுத்துகள் இரண்டே.

நெடுக்காக வரும் பத்திக்குத் தனியாகக் குறி போட வேண்டாம். ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களை ஒரே ஒழுங்கில் எழுதினால் பத்தி தானாக அமைந்துவிடும். முதல் வரிசையில் மூன்றாவது கட்டம் எதுவோ, அதற்குக் கீழேதான் எல்லா வரிசைகளின் மூன்றாவது கட்டமும் வந்து நிற்கும்.

மாதிரி

ஐந்து பத்தி கொண்ட ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். விலைகள் விளக்கத்துக்காக மட்டுமே தரப்பட்டுள்ளன. சந்தை நிலவரம் அல்ல.

பொருள் | சிப்ப அளவு | சிப்ப விலை | கிலோ விலை | வரி
பொன்னி புழுங்கல் | 25 கிலோ | 1,450 | 58.00 | உட்பட
பொன்னி புழுங்கல் | 26 கிலோ | 1,482 | 57.00 | இல்லை
துவரம் பருப்பு | 30 கிலோ | 3,600 | 120.00 | இல்லை
சர்க்கரை | 50 கிலோ | 2,200 | 44.00 | உட்பட
சூரியகாந்தி எண்ணெய் | 15 கிலோ டின் | 2,250 | 150.00 | உட்பட

இதை எழுதும் வரிசைக்கிரமம் இது:

டேபிள் திற.
கேப்ஷன் திற, கடையின் பெயர், விலை எந்தத் தேதிக்குரியது என்று எழுது, கேப்ஷன் மூடு.
வரிசை திற, தலைக்கட்டம் ஐந்து (பொருள், சிப்ப அளவு, சிப்ப விலை, கிலோ விலை, வரி), ஒவ்வொன்றையும் திறந்து எழுதி மூடு, வரிசை மூடு.
வரிசை திற, கட்டம் ஐந்து (பொன்னி புழுங்கல், 25 கிலோ, 1,450, 58.00, உட்பட), ஒவ்வொன்றையும் திறந்து எழுதி மூடு, வரிசை மூடு.
மற்ற சரக்குகளுக்கும் இப்படியே.
டேபிள் மூடு.

எழுதி முடித்ததும் கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எச்.டி.எம்.எல். என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். அந்தக் கோப்பை இருமுறை தட்டினால் உலாவியில் பட்டியல் திறக்கும்.

முதல் முறை பார்க்கும்போது கோடுகளே தெரியாது. அதைக் கண்டு திகைக்க வேண்டாம். கோடு வேண்டும் என்று தனியாகச் சொன்னால்தான் உலாவி போடும். பக்கத்தின் தலைப்பகுதியில் ஸ்டைல் என்ற குறியைத் திறந்து, டேபிள், தலைக்கட்டம், சாதாரணக் கட்டம் மூன்றுக்கும் பார்டர் ஒரு பிக்சல், சாலிட் என்று எழுத வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் இரட்டைக் கோடாகத் தெரிந்தால், டேபிளுக்கு பார்டர் கொலாப்ஸ் என்பதையும் சேர்க்க வேண்டும். தொகைப் பத்திகளை வலப்பக்கம் ஒட்டி நிற்கச் செய்வது நல்லது. ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்று, பத்து, நூறு ஆகிய தானங்கள் சரியாக நின்றால்தான் கண் தடுமாறாது. இது பேரேட்டில் நமக்கு முன்பே தெரிந்த பாடம்.

‘அரிசி வகை’, ‘பருப்பு வகை’ என்று இடையில் உபதலைப்பு வேண்டுமானால், ஐந்து பத்திக்கும் சேர்த்து ஒரே நீளக் கட்டம் போடலாம். அந்தக் கட்டத்தின் திறக்கும் குறிக்குள் கால்ஸ்பேன் என்று எழுதி 5 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் வேறு கட்டம் இருக்கக் கூடாது.

உலாவி தவறு சொல்லாது

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான இடம் இதுதான். பேரேட்டில் ஒரு தொகை விட்டுப்போனால் மாலையில் கூட்டல் இடிக்கும். கணக்கு நேராகும் வரை குமாஸ்தா எழுந்திருக்க மாட்டார். ஆனால் இணைய அட்டவணையில் ஒரு கட்டம் விட்டுப்போனால் உலாவி எச்சரிக்காது. அடுத்த கட்டத்தை இடப்பக்கம் நகர்த்தி, எந்தச் சத்தமும் இல்லாமல் காட்டிவிடும்.

உதாரணமாக, துவரம் பருப்பு வரிசையில் சிப்ப விலைக் கட்டத்தை எழுத மறந்தோம் என்று வைத்துக்கொள்வோம். கிலோ விலையான 120 ரூபாய், சிப்ப விலைப் பத்தியில் வந்து உட்காரும். பார்ப்பவருக்கு 30 கிலோ சிப்பம் 120 ரூபாய் என்று தெரியும்! இது பச்சையாகத் தெரிகிற தவறு. யாரும் சிரித்துவிட்டுக் கேட்பார்கள். ஆனால் அடுத்தடுத்த பத்திகளில் ஒன்றுக்கொன்று நெருங்கிய தொகைகள் இருந்தால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். ரொக்க விலை, கடன் விலை என்று இரண்டு பத்தி வைத்திருந்து ரொக்க விலைக் கட்டம் விட்டுப்போனால், கடன் விலையே ரொக்க விலையாக நின்றுவிடும். வந்த வாடிக்கையாளர் கேட்காமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார். எனவே இரண்டு விதிகளைக் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஒன்று: ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தலைப்பில் ஐந்து என்றால் எல்லா வரிசையிலும் ஐந்து.

இரண்டு: விலை இல்லாத இடத்தில் கட்டத்தை விட்டுவிடாமல் ஒரு சிறு கோடு அல்லது ‘சரக்கு இல்லை’ என்று எழுத வேண்டும்.

எந்தெந்தப் பத்தி வேண்டும்?

குறிச்சொல்லை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். பத்திகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வியாபாரியின் அனுபவம் தேவைப்படுகிறது. ஒவ்வொரு பத்தியும் வாங்குபவரின் ஒரு கேள்விக்குப் பதில். அவர் நம்மிடம் தொலைபேசியில் என்னென்ன கேட்கிறாரோ அவையே பத்தித் தலைப்புகள்.

கிலோ விலைப் பத்தியை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்பது நமது கருத்து. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ சிப்பம் வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பின் 26 கிலோ மூட்டை சந்தையில் பரவியதை நாம் அனைவரும் அறிவோம். மேலே உள்ள மாதிரியைப் பாருங்கள். சிப்ப விலையை மட்டும் பார்த்தால் 1,482 ரூபாய் மூட்டை விலை கூடுதலாகத் தெரியும். கிலோவுக்குப் பார்த்தால் அதுதான் ஒரு ரூபாய் குறைவு. கிலோ விலை போடாத கடைக்காரர், மலிவான சரக்கை வைத்துக்கொண்டே ஆர்டரை இழப்பார்.

எண்ணெயிலும் இதே கதைதான். 15 கிலோ டின் வேறு, 15 லிட்டர் டின் வேறு. தண்ணீரைவிட எண்ணெய் எடை குறைவு என்பதால் 15 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் 13½ கிலோவுக்குச் சற்று மேல்தான் நிற்கும். கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் டின்னுக்கு ஏறக்குறைய 200 ரூபாய் வித்தியாசம். ‘15’ என்ற எண்ணை மட்டும் எழுதி, கிலோவா லிட்டரா என்று எழுதாமல் விட்டால் சண்டைக்கு நாமே விதை போட்டதாகும்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்குச் சமைக்கும் மெஸ்களில் சமையல்காரரும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவர். துவரம் பருப்பு அவருக்கு அர்ஹர் தால். கடலைப் பருப்பு சனா தால். கடுகெண்ணெய் சர்சோன் தேல். பொருள் கட்டத்திலேயே தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் இந்திப் பெயரையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துவிட்டால், அவர் தேடும்போது நம் பட்டியலில் கிடைக்கும். படத்தில் எழுதியதை இப்படித் தேட முடியாது.

ஆனால் ஆசைப்பட்டுப் பத்துப் பத்தி போட்டுவிடக் கூடாது. பார்ப்பவர்கள் பெரும்பாலும் கைபேசியில்தான் பார்ப்பார்கள். ஐந்து பத்திக்கு மேல் போனால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டிவரும். விலை எந்தப் பொருளுக்கு உரியது என்று வரிசை மாறிப் படித்துவிடுவார்கள். அரிசிக்கு ஓர் அட்டவணை, எண்ணெய்க்கு ஓர் அட்டவணை என்று பிரித்துப் போடுவது மேல்.

தலைக்கட்டத்துக்குத் தலைக்கட்டக் குறியையே பயன்படுத்த வேண்டும். சாதாரணக் கட்டத்தில் தடித்த எழுத்துப் போட்டாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், தலைக்கட்டக் குறியைக் கொண்டுதான் ‘கிலோ விலை, 57’ என்று சேர்த்துச் சொல்கிறது.

தமிழ் எழுத்து சரியாகத் தெரிய

ஒரு காலத்தில் தமிழ்ப் பக்கங்களைப் பார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு ஏற்ற வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. இன்று யூனிகோட் பரவிவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா என்ற குறிக்குள் சார்செட் என்று எழுதி, யு.டி.எஃப். 8 என்று குறிப்பிட வேண்டும். நோட்பேடில் சேமிக்கும்போதும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டால் ‘பொன்னி’ என்று எழுதியது பொருளற்ற கிறுக்கலாகத் தெரிய நேரிடும்.

சட்டமும் உரிமையும்

விலை மட்டும் காட்டி, ஆர்டரைத் தொலைபேசியில் எடுப்பது ஒரு முறை. பக்கத்திலேயே ஆர்டர் எடுத்துப் பொட்டலப் பொருட்களை விற்பதானால், தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலிய விபரங்களையும் பக்கத்தில் காட்ட வேண்டும். 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளில் செய்யப்பட்ட திருத்தப்படி 2018 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். எப்படியானாலும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணையும், பில்லில் அச்சிடும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பட்டியலின் கீழே போட்டுவிடுவது நம்பிக்கையைக் கூட்டும். கான்ட்ராக்டர்கள் முதலில் கேட்பதே இவற்றைத்தான்.

பக்கத்தை இணையத்தில் ஏற்ற இலவச இடம் தரும் சேவைகளும் உண்டு; ஆண்டுச் சந்தா வாங்கும் சேவைகளும் உண்டு. தெரிந்த பையன் ஒருவன் செய்து தருகிறேன் என்றால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் பக்கத்தின் பெயரும் கணக்கும் கடவுச்சொல்லும் கடைக்காரர் பெயரிலும் கையிலும் இருக்க வேண்டும். கடைப் பலகையை வேறொருவர் பெயரில் எழுதி மாட்ட மாட்டோம் அல்லவா? தவிர, விலை திருத்த ஒவ்வொரு முறையும் இன்னொருவரைத் தேடிப் போகும்படி இருந்தால், இரண்டாவது வாரமே பட்டியல் பழசாகிவிடும். பழைய விலை தொங்கும் பக்கத்தைவிடப் பக்கமே இல்லாதிருப்பது நல்லது.

எனவே நண்பர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அதிகம் ஓடும் பத்துச் சரக்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காகிதத்தில் ஐந்து பத்தி கோடு போட்டு எழுதுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினியில் ஏற்றுங்கள். தேதியைத் தலைப்பிலேயே போடுங்கள். தினமும் கடை திறந்து விளக்கேற்றியதும், கோயம்பேட்டு நிலவரம் கேட்டதும், மாறிய கட்டத்தை மட்டும் திருத்துங்கள். பத்துச் சரக்கு தவறில்லாமல் ஒரு மாதம் ஓடினால், அதற்குப் பிறகு நூறாக்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தின் முகவரியைப் பில் புத்தகத்தின் அடியில் அச்சிட்டுவிட்டால், விலை கேட்பவருக்குப் படம் அனுப்பும் வேலையே இராது.